இணையக் கடை பற்றிய தப்பபிப்பிராயங்கள்

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின் நமது சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போது நமக்குத் தெரிந்த குடும்பத்து இளைஞர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருப்பவர். இன்னும் ஆறு மாதத்தில் கலியாணம் செய்துகொள்ளப் போகிறவர்.

"மாமா, வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இணையத்தில் கடை போடப் போகிறேன். வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை, முதல்கூட வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே நடத்துகிறீர்களே, ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமா இது? "ராஜிநாமாக் கடிதத்தை மட்டும் இந்த மாதம் கொடுத்துவிடாதீர்கள் தம்பி, உங்களுக்காகவே நாம் எழுதிக் காட்டுகிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். அந்தப் பாடமே இது. அவரைப் போன்ற இளைஞர்கள் நமது சமூகத்தில் இன்று பலர் இருப்பதால், எல்லோரும் படிக்கட்டும் என்று சங்கத்தின் ஏட்டுக்கே கொடுத்தோம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். மதரஸாவில் ஓதினோம், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தோம், பிறகு தகப்பனாரின் கடையில் துணி மடிக்கக் கற்றுக்கொண்டோம். பினாங்கில் கைலி, தொப்பி, தொழுகை விரிப்பு, அத்தர் விற்கும் சிறு கடை எமது கடை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கடைக் கதவை மூடியபோதுதான், வேறு வழியின்றிக் கைப்பேசியில் கடை திறந்தோம். அதிலிருந்து இன்றுவரை அதையும் இதையும் சேர்த்தே நடத்தி வருகிறோம். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம், கேட்டதைச் சொல்லவில்லை.

முதல் வேண்டாம் என்ற எண்ணம்

இதுவே எல்லாவற்றிலும் பெரிய தப்பபிப்பிராயம். கடை வாடகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் வாடகை என்ற ஒரு பெரிய செலவு போன இடத்தில் பத்துச் சின்னச் செலவுகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சந்தைத்தளத்தின் தரகு, பணம் வாங்கித் தருவதற்கான கட்டணம், விளம்பரச் செலவு, பொட்டலம் கட்டும் பை, ஒட்டு நாடா, அனுப்பும் கூலி, திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் என்று வரிசை நீளும். வாடகை மாதம் ஒருமுறை கதவைத் தட்டும். இவை ஒவ்வொரு விற்பனையிலும் கைவைக்கும். ஆகையால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எமது தம்பியின் கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய சம்மதம் பெற்றே எழுதுகிறோம். 2022ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதியிலிருந்து 10,000 வெள்ளி வரை சிறப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது அல்லவா? அந்தப் பணத்தை எடுத்தார். கையில் இருந்த சேமிப்பையும் சேர்த்தார். கைப்பேசி உறை, விளக்கு, சமையலறைச் சாமான், விளையாட்டுப் பொருள் என்று 600 வகைச் சரக்கு வாங்கிக் குவித்தார். பதினான்கு மாதத்தில் கடையை மூடினார். விற்காத பெட்டிகள் இன்றும் எமது கடை மாடியில் இருக்கின்றன. முதுமைக் காலத்துக்கென்று வைத்த பணம் அட்டைப் பெட்டிகளாக மாறி அங்கே அடுக்கிக் கிடக்கிறது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் நமக்கு மனம் கனக்கும்.

தம்பி சோம்பேறி அல்லர், மோசக்காரரும் அல்லர். இரவு இரண்டு மணி வரை பொட்டலம் கட்டியவர். கணக்குப் பார்க்காமல் உழைத்தார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

திறந்தால் உலகமே வரும் என்ற எண்ணம்

தெருவில் ஒரு கடையைத் திறந்தால், விற்பனை இல்லாவிட்டாலும் ஐந்தடியில் நடந்துபோகிறவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். மழைக்கு ஒதுங்குகிறவர்கூட ஒரு தொப்பி வாங்கிவிடுவார். இணையத்தில் அப்படி இல்லை. அங்கே நமது கடை, சாலையே போடாத காட்டுக்குள் கட்டிய கடையைப் போன்றது. சாலையை நாம்தான் போட வேண்டும்.

நாம் கடை திறந்த பின் 41 நாட்கள் ஒரு கட்டளையும் வரவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் வந்த முதல் கட்டளை ஈப்போவில் இருக்கும் எமது மச்சானுடையது! பரிதாபப்பட்டு வாங்கினார் என்பது பிறகு தெரிந்தது.

பெரியவர்களுக்கே காலம் எடுத்திருக்கிறது. அமெரிக்காவில் அமேசான் 1995ஆம் ஆண்டில் புத்தகம் விற்கத் தொடங்கியது. முழு ஆண்டுக் கணக்கில் அது முதன்முதலாக லாபம் காட்டியது 2003ஆம் ஆண்டில்தான். அதே நாட்டில் மளிகைச் சாமான்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வெப்வேன் என்ற கம்பெனி 1999ல் தொழிலில் இறங்கியது. கட்டளைகள் நிறைந்து வருமுன்பே பெரும் பணத்தைப் போட்டுப் பண்டகசாலைகளைக் கட்டியது. 2001 ஜூலையில் திவாலாகிவிட்டது. கோடிக் கணக்கில் முதல் வைத்திருந்தவனே வாடிக்கை வருமுன் பண்டகசாலை கட்டி விழுந்தான் என்றால், சேமநிதிப் பணத்தைக் கொண்டு 600 வகைச் சரக்கு வாங்குகிறவனின் கதி என்ன?

சாலை போடுவது எப்படி? நாம் செய்தது இதுதான். தெருக்கடைக்கு வரும் ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் கைப்பேசிக் கடையின் பெயரை அச்சிட்ட சிறு துண்டுச் சீட்டைக் கொடுத்தோம். கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் உள்ள அவர்களுடைய பிள்ளைகள் அதன் மூலம் வாங்கினார்கள். முதல் ஆண்டில் வந்த கட்டளைகளில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தது. தெரிந்தவர் வழியாகத்தான் தெரியாதவர் வருகிறார். நமது முன்னோர் தலையில் துணி மூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாக விற்ற காலத்திலும் இதே கதைதான்.

சரக்கு அதிகமிருந்தால் விற்பனை அதிகம் என்ற எண்ணம்

இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், "சரக்கே வாங்க வேண்டாம், படத்தை மட்டும் போட்டுக் கட்டளை வந்தவுடன் வேறொருவனிடம் வாங்கி அனுப்பச் சொல்லலாம்" என்கிறார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் அந்த வேறொருவனிடம் சரக்கு தீர்ந்துபோனால்? நிறம் மாறி அனுப்பினால்? ஏச்சு வாங்குவது நாம். சரக்கை நாம் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே வாங்குபவர் கேட்கும் கேள்விக்கும் பதில் தெரியாது. தன் வசம் இல்லாததை விற்பது பற்றி மதரஸாவில் உஸ்தாது சொன்ன எச்சரிக்கை நமக்கு அப்போது வெறும் பாடமாக இருந்தது. வியாபாரத்தில் இறங்கிய பிறகுதான் அதன் காரணம் விளங்கிற்று. இந்த முறையில் வியாபாரம் செய்ய விரும்புவோர் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு இறங்குவது நலம்.

மற்றொன்று: எல்லோரும் விற்பதை நாமும் விற்றால் விலையில்தான் போட்டி போட வேண்டிவரும். சீனாவில் செய்பவரே நேராக நம் நாட்டு வாடிக்கைக்காரருக்குக் கைப்பேசி உறையை அனுப்புகிறார். 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமான்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. இருந்தும், செய்பவனின் விலைக்கு இடையில் இருக்கும் நம்மால் விற்க முடியுமா? முடியாது. ஆனால் எந்தக் கைலி துவைத்தால் சுருங்கும், எது சுருங்காது, பெரியவருக்கு எந்த அகலம் சரிப்படும் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்த சரக்கை விற்பதே நமக்குப் பலம். இன்று எமது இணையக் கடையில் இருப்பவை 34 வகைகள் மட்டுமே.

விலையைக் குறைத்தால் போதும் என்ற எண்ணம்

இந்தப் பகுதியைப் படிக்கும்போது அன்பர்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளக் கோருகிறோம்.

ஒரு கைலியின் கொள்முதல் 22 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விற்பது 35 வெள்ளிக்கு. லாபம் 13 வெள்ளி என்று மனம் சொல்லும். இப்போது கழிப்போம். தரகும் பணம் வாங்கும் கட்டணமும் சேர்த்து 12 விழுக்காடு என்று வைத்தால் 4 வெள்ளி 20 சென். பை, நாடா, சீட்டு 1 வெள்ளி. அனுப்பும் கூலியில் நாம் ஏற்கும் பங்கும் தள்ளுபடியும் 3 வெள்ளி. விளம்பரம் 2 வெள்ளி. கையில் நிற்பது 2 வெள்ளி 80 சென்.

இன்னும் முடியவில்லை. இருபது கைலிக்கு ஒன்று திரும்பி வருகிறது. அதனால் 14 வெள்ளி நஷ்டம் என்றால், ஒவ்வொரு கைலியின் தலையிலும் 70 சென். மிச்சம் 2 வெள்ளி 10 சென். கட்டளையைப் பார்த்து, எடுத்து, மடித்து, கட்டி, கேள்விக்குப் பதில் எழுத ஒரு கால் மணி நேரம் ஆகிறது. 2025ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 17 சென் என்று வைத்துக்கொள்வோம். அதன்படி கால் மணிக்கு 2 வெள்ளி 4 சென். கழித்துப் பாருங்கள்: மிச்சம் 6 சென்!

பதின்மூன்று வெள்ளி என்று நினைத்தது ஆறு சென். இதில் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து இன்னும் ஒரு வெள்ளி குறைத்தால் ஒவ்வொரு விற்பனையும் நஷ்டம். விற்கவிற்க நஷ்டம் பெருகும். எமது தம்பிக்கு நடந்தது இதுவே. கட்டளைகள் குவிந்த மாதத்தில்தான் அவருக்குக் கடன் ஏறியது.

இதற்கு வழியில்லையா? உண்டு. அதே கைலியை மூன்றாகச் சேர்த்து ஒரே பொட்டலமாக 99 வெள்ளிக்கு விற்றுப் பார்ப்போம். கொள்முதல் 66, தரகும் கட்டணமும் 11 வெள்ளி 88 சென், பை 1 வெள்ளி 50 சென், அனுப்பும் பங்கு அதே 3, விளம்பரம் அதே 2, திரும்பி வரும் நஷ்டத்துக்கு 1 வெள்ளி, கூலி அதே 2 வெள்ளி 4 சென். மிச்சம் 11 வெள்ளி 58 சென். வாங்குபவருக்கு 6 வெள்ளி மலிவு, நமக்கும் லாபம். காரணம் யாதெனில், பல செலவுகள் சரக்கின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறுவதில்லை. பொட்டலத்தின் எண்ணிக்கைக்கு ஏற்பவே ஏறுகின்றன. இந்த ஒரு கணக்கைக் கற்றுக்கொள்ள நமக்கு ஓராண்டு ஆயிற்று. தரகு விழுக்காடு தளத்துக்குத் தளம், சரக்குக்குச் சரக்கு மாறும். அடிக்கடி உயரவும் செய்யும். ஆகவே உங்கள் எண்களைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

படம் அழகாயிருந்தால் போதும் என்ற எண்ணம்

படம் வேண்டும், மெய்தான். ஆனால் சரக்கைவிடப் படம் அழகாக இருந்தால் சரக்கு திரும்பி வரும். ஒருமுறை பச்சைக் கைலியைக் கடை விளக்கின் கீழ் படம் பிடித்துப் போட்டோம். படத்தில் அது கிளிப்பச்சையாகத் தெரிந்தது; உண்மையில் பாசிப்பச்சை. அனுப்பிய ஒன்பதில் நான்கு திரும்பி வந்தன. அன்று முதல் காலை வெயிலில், வாசலில் வைத்தே படம் பிடிக்கிறோம்.

எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும். கைலி மூட்டியதா மூட்டாததா, நீளம் எத்தனை, அகலம் எத்தனை, பருத்தியா கலப்பா, முதல் துவைப்பில் சாயம் போகுமா என்பதை எழுதிவிட வேண்டும். "முதல் இரண்டு துவைப்பில் சாயம் போகும், தனியாகத் துவைக்கவும்" என்று நாம் எழுதியபோது, "குறையை நீங்களே சொன்னால் யார் வாங்குவார்?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். விற்பனை குறையவில்லை, திரும்பி வருவதுதான் குறைந்தது. சரக்கின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்குச் சிறு வயதில் ஓதிக் கொடுக்கப்பட்டது. தெருக்கடையில் வாங்குபவர் தொட்டுப் பார்த்துக் குறையைக் கண்டுகொள்வார். இணையத்தில் அவருக்கு நமது சொல்லைத் தவிர வேறு கண் இல்லை. ஆகையால் அங்கே பொறுப்பு இரண்டு மடங்கு.

அனுப்புவது பிறர் வேலை என்ற எண்ணம்

பொட்டலத்தை ஒப்படைத்தால் நமது கடமை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நாமும் நினைத்தோம். பஞ்சு வைத்த தொழுகை விரிப்புகளை எடை பார்த்தோம். 2 கிலோ இருந்தது. அதற்கேற்பக் கூலியை எழுதிவைத்தோம். ஆனால் அனுப்பும் கம்பெனிகள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அடைக்கும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பலருடைய வழக்கம். சிலர் 6000ஆல் வகுப்பர். எமது பெட்டி 40, 30, 20. பெருக்கினால் 24,000, வகுத்தால் 4.8 கிலோ. இரண்டு கிலோச் சரக்குக்கு ஐந்து கிலோக் கூலி கட்டினோம். அந்த மாதம் விரிப்பு விற்றதெல்லாம் தருமம் செய்த கணக்கில் சேர்ந்தது. பிறகு விரிப்பைச் சுருட்டி இறுகக் கட்டி, பெட்டியின்றிப் பையில் அனுப்பக் கற்றோம்.

வாசனைத் திரவியம் விற்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். சாராயம் கலந்த வாசனை நீர் தீப்பற்றக்கூடியது. விமானத்தில் அது ஆபத்தான சரக்காகக் கருதப்படும். சபா, சரவாக் கட்டளைகளை ஏற்கும் முன் அனுப்பும் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தர்ப் புட்டியின் மூடியை நாடாவால் சுற்றி, தனிப் பையில் போட்டு அனுப்பாவிட்டால், உடன் போகும் தொப்பி அத்தனையும் அத்தரில் குளித்துவிடும்.

பெருநாள் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 மே 13ஆம் தேதி நோன்புப் பெருநாள். பெருநாளுக்கு ஐந்து நாள் முன்பு வரை கட்டளை ஏற்றோம். எங்கும் நெரிசல். 37 பொட்டலங்கள் பெருநாள் கழிந்தே போய்ச் சேர்ந்தன. பெருநாளுக்கென்று வாங்கிய புதுக்கைலி பெருநாளுக்கு மறுநாள் வந்தால் அது என்ன புதுக்கைலி? ஒரு தாயார் எழுதிய இரண்டு வரியை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். தம் மகனுக்குப் பழைய உடுப்பையே அணிவித்துப் பள்ளிவாசலுக்கு அனுப்பினாராம். அதற்குப் பின், பெருநாளுக்குப் பதினான்கு நாள் முன்பே "இனி பெருநாளுக்குள் வந்து சேரும் என்று உறுதி கூற இயலாது" என்று கடையில் எழுதிவிடுகிறோம்.

பணம் உடனே கைக்கு வரும் என்ற எண்ணம்

தெருக்கடையில் கைலி அந்தப் பக்கம் போனால் காசு இந்தப் பக்கம் வரும். சந்தைத்தளத்தில் பணம் அவர்களிடம் நிற்கும்; சரக்குப் போய்ச் சேர்ந்து, வாங்குபவர் சரியென்ற பின்பே நமக்கு வரும். இதற்கிடையில் மொத்த வியாபாரி பணம் கேட்பார். ஆகவே குறைந்தது ஒரு மாதக் கொள்முதலுக்குரிய ரொக்கம் தனியாக இருக்க வேண்டும்.

விற்ற பணம் முழுவதையும் ஒரே தளத்தில் நிற்கவிடுவதும் ஆபத்து. 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் க்யூடென் என்ற பெரிய சந்தைத்தளம் விற்பனையாளர்களுக்குப் பணம் தரத் தாமதித்தது. செப்டம்பரில் அந்நாட்டு நாணய ஆணையம் அதன் பணச் சேவைகளை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. நவம்பரில் அக்கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த சிறு வியாபாரிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். தளம் பிறருடைய சந்தை. அதில் நாம் ஒரு மேசை போட்டிருக்கிறோம், அவ்வளவே. சந்தை மூடினால் மேசையும் போகும். வாடிக்கைக்காரர் எமது கடைக்கே நேராகவும் கேட்டு வாங்கும்படி ஒரு வழி எப்போதும் இருக்க வேண்டும்.

நேராக விற்கும்போது வேறொரு கண்ணி உண்டு. 2021ல் ஒருவர் ஆறு டஜன் கைலி கேட்டார். பணம் போட்டதற்கு வங்கிச் சீட்டின் படத்தையும் அனுப்பினார். படத்தை நம்பி அன்று மாலையே அனுப்பினோம். பணம் வரவேயில்லை, சீட்டுப் பொய்ச் சீட்டு. 1,600 வெள்ளி போயிற்று. சீட்டின் படத்தைப் பார்த்துச் சரக்கை விடாதீர்கள். நமது வங்கிக் கணக்கைத் திறந்து பணத்தைப் பார்த்த பின்பே விடுங்கள். நமது கணக்கிலிருந்தே பணம் மோசடியாகப் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும். அந்த உதவி மையம் 2022ல் ஏற்படுத்தப்பட்டது.

சட்டம் தெருக்கடைக்குத்தான் என்ற எண்ணம்

"வீட்டில் இருந்து விற்கிறேன், எனக்கு என்ன பதிவு?" என்று கேட்பவர் உண்டு. 1956ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். என்ற கம்பெனிகள் ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இணைய வியாபாரத்துக்கு விலக்கில்லை. சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைப் பெயரில் பதிய 60 வெள்ளி. ஒரு விருந்துச் சாப்பாட்டுச் செலவுக்குச் சட்டத்தின் நிழல் கிடைக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

இணைய விற்பனைக்கென்று பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளும் உண்டு. அவை முதலில் 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன, 2024ல் புதுப்பிக்கப்பட்டன. வியாபாரியின் பெயர், பதிவு எண், தொடர்பு கொள்ளும் வழி, சரக்கின் தன்மை, அனுப்பும் கூலி உட்பட முழு விலை, எப்போது வந்து சேரும் என்பவற்றை ஒளிக்காமல் காட்ட வேண்டும். "விலைக்கு உள்ளே வந்து கேளுங்கள்" என்று எழுதுகிற நமது வழக்கத்தை விட்டுவிடுவோம். மசாலாத் தூளோ பலகாரமோ விற்கும் சகோதரிகள், சான்றிதழ் பெறாமல் ஹலால் முத்திரையைப் படத்தில் ஒட்டக்கூடாது. நாம் முஸ்லிம்தானே என்பது முத்திரைக்கு ஈடாகாது. வருமான வரிக்குரிய கணக்குப் புத்தகங்களையும் சீட்டுகளையும் 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

தெருக்கடை இனி வேண்டாம் என்ற எண்ணம்

எமது தகப்பனார் 2020ல், கடை மூடியிருந்த நாட்களில், "இனி இந்தக் கதவு திறக்குமா?" என்று கேட்டார். அப்போது நாம் பதில் சொல்லவில்லை. இன்று சொல்ல முடிகிறது. வாடகையில் ஒரு பகுதியை இணையக் கடை தாங்குகிறது. இணையக் கடைக்கு வேண்டிய நம்பிக்கையைத் தெருக்கடை தாங்குகிறது. "இவர்களுக்குப் பினாங்கில் கடை இருக்கிறது, ஏதாவது ஆனால் நேரே போய்க் கேட்கலாம்" என்ற ஒரு எண்ணமே பலரை வாங்க வைக்கிறது. தெருக்கடை இல்லாதவர் அந்த நம்பிக்கையை வேறு வழியில், நேரத்துக்கு அனுப்பியும் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லியும், மெதுவாகச் சம்பாதிக்க வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும்.

ஆகவே, இணையக் கடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதுவும் கடைதான் என்கிறோம். கதவு மட்டும் மாறியிருக்கிறது. அளவு, நிறை, கொள்முதல், பேரேடு, நாணயம் எதுவும் மாறவில்லை.

நம்மிடம் யோசனை கேட்ட அந்த இளைஞருக்குச் சொல்வது இதுதான். வேலையை விடாதீர்கள். சேமநிதிப் பணத்தைத் தொடாதீர்கள். கலியாணத்துக்கு வைத்ததையும் தொடாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்றே வகைச் சரக்கை, போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகைக்கு வாங்குங்கள். மேலே சொன்ன கணக்கை ஒவ்வொரு சரக்குக்கும் எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கும் கூலி போடுங்கள். ஆறு மாதம் நடத்துங்கள். பேரேட்டின் கடைசி வரியில் லாபம் நின்றால் நான்காவது சரக்கை வாங்குங்கள். நிற்காவிட்டால், நஷ்டம் சிறிது; படிப்புப் பெரிது.

இந்தக் கட்டுரையை முதலில் தம்பிக்கே படித்துக் காட்டினோம். மௌனமாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கைலிக் கணக்கை எனக்கு 2022ல் யாராவது போட்டுக் காட்டியிருக்கலாம்" என்றார். நாம் பக்கத்திலேயே இருந்தும் காட்டவில்லை. அவர் கேட்கவில்லை என்று இருந்துவிட்டோம். அந்தக் குற்றம் நம்முடையது. அடுத்த தம்பிக்கு அப்படி ஆகாதிருக்கவே இதை எழுதினோம். சங்கத்திற்கு வரும் இளைஞர்கள் யாராயினும், ஒரு பென்சிலும் தாளுமாக எமது கடைக்கு வரலாம். இன்ஷா அல்லாஹ், அஸருக்குப் பின் வாடிக்கை குறைந்திருக்கும். உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் போடுவோம்.